இன்மை குறித்து, மூன்று பிரதிகளில்

பதவி உயர்வுக்கான சுயமதிப்பீட்டுப் படிவம் பதினோரு பக்கம்.
அடித்தல் திருத்தல் கூடாது.
பணி அனுபவம் என்ற கட்டத்தில்
கடலூர், பதினேழு வருடம் என்று எழுதினேன்.
மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்துவிட்டு
அருளானந்து சார் சொன்னார்:
"மணிக்கணக்குச் சம்பளம் அனுபவத்துல சேராது மேடம்."
மணிக்கு நூறு ரூபாய்.
மே மாதங்களில் நான் இல்லை.
அதாவது, ஊரில் இருந்தேன், பட்டியலில் இல்லை.

என் பாடமே அதுதான்.
'தரையில் பானை இல்லை.'
இல்லாத பானையைக் கண் பார்க்கிறதா,
வெறுந்தரையைப் பார்த்து மனம் கணிக்கிறதா?
ஆயிரம் வருடச் சண்டை. நான் போய்ச் சேர்ந்தபோது
இரண்டு பக்கமும் களைத்திருந்தன.
கண்தான் பார்க்கிறது என்று இருபத்தாறு பக்கம் எழுதினேன்.
டெல்லியிலிருந்து ஒற்றை வரியோடு திரும்பி வந்தது:
கட்டுரையில் புதிதாக எதுவும் காணப்படவில்லை.

காணப்படவில்லை!
அந்த ஒரு சொல்லுக்காக நன்றிக் கடிதம் போட்டேன்.
பதில் இல்லை.

மலையில் புகை, ஆகவே தீ:
கடலூர் வகுப்பில் இது எடுபடாது.
"கேப்பர் மலையில ஜெயில்தான் மிஸ் இருக்கு."
சரி, காற்றில் வாடை வந்தால்?
"சிப்காட்!" கடைசி பெஞ்சும் சேர்ந்துகொண்டது.
விதிவிலக்கு உண்டா என்றேன்.
"துறைமுகத்துல கருவாடு காயும்போது" என்றாள் ரெஜினா மேரி.
இரண்டு வாடையையும் மூக்கால் பிரிக்கத் தெரிந்தவள்.
தர்க்கத்தில் முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கினாள்,
நான்தான் போட்டேன்.

காலாப்பட்டில் நிரந்தரமானபோது எனக்கு நாற்பத்தாறு.
உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல்,
பெயர்ப்பலகையில் தலைப்பெழுத்து தப்பு.
ஒரு வருடம் முதுகலைக்கு யாருமே சேரவில்லை.
கால அட்டவணைப்படி அறைக்குப் போய்விட்டேன்.
பன்னிரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி.
யார் வரவில்லை என்று கேட்டுக்கொண்டேன்.
எதன் இன்மை என்று சொல்லாமல்
இன்மை என்று ஒன்று கிடையாது.
பதிவேட்டில் பெயரே இல்லாததால்
எவருக்கும் 'வரவில்லை' போட முடியவில்லை.
மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
சம்பளம் வந்தது.

வழிகாட்டிய ஆய்வாளர்கள் எத்தனை பேர்?
அய்யனாரப்பன் என்று ஒருவன்.
மூன்றாம் வருடம் உதவித்தொகை நின்றது, அவனும் நின்றான்.
பாதியில் நின்றவர்களுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை கடலூர் பஸ்.
அரியாங்குப்பம் தாண்டியும் மூச்சு விட இடமில்லை.
"டிக்கெட் வாங்காதவங்க யாரு?"
குரலில் தெரியவில்லை, காக்கியில் தெரியவில்லை,
கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது.
அவன் யார் கையையும் பார்க்கவில்லை.
முகம் முகமாகப் போனான்.
காதில் ஒயர் மாட்டிய பையன், தூங்குவதுபோல் ஒருவர்,
கைப்பையை இறுக்கிக்கொண்ட நான்.
எழுபது பேரில் மூன்று இன்மை,
கிருமாம்பாக்கம் வருவதற்குள்.

"மேடம்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.
சில்லறை இல்லை.
சீட்டின் பின்னால் பேனாவால் எட்டு போட்டு வட்டமிட்டு,
"எறங்கும்போது வாங்கிக்கோங்க."

மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்.

அருளானந்து சார்,
கடைசிப் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைக் குண்டூசியால் குத்தியிருக்கிறேன்.
இணைப்பு: ஒன்று.
பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.
நகல் எடுத்தால் முன்பக்கம் மட்டும்தான் விழுகிறது.
ஆகவே மற்ற இரண்டு பிரதிகளில்
அந்த எட்டு ரூபாய்
இல்லாததுகூட இல்லை.