இருபத்தைந்தே முக்கால்

தபாற்கந்தோர்ப் பொதித் தராசு
இருபது கிலோவுக்கு மேல் காட்டாது.
ஆகவே என் பாரம்
அங்கே யாருக்கும் தெரியாது.
நாற்பத்து மூன்று வயது,
பதினாறு வருடமாய் முத்திரைக் கவுண்டர்,
நாற்காலியின் வடிவுக்கு
உட்கார்ந்துபோன இடுப்பு.

நீச்சல் முக்கால் கிலோமீற்றர்,
சைக்கிள் இருபது, ஓட்டம் ஐந்து.
கிலோமீற்றருக்கு ஐம்பது ரூபாய் என்று
பழைய படிவங்களின் பின்புறத்தில்
பெயர் சேர்க்கிறேன்.
ஓய்வூதியத்துக்கு வந்த வடிவேற்கரசன் மாஸ்டர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"அந்த முக்காலுக்கும் காசு உண்டோ?"
"ஓம் சேர். தண்ணிக்குள்ள அதுதான் கூடத் தூரம்."

மூச்சு விடப் பழகியது குசினியில்.
பிளாஸ்ரிக் பேசினில் முகத்தை அமிழ்த்திக்
குமிழி எண்ணிக்கொண்டிருந்தேன்.
மகன் வந்து பார்த்தான்.
பால் பொங்கி வழிந்ததைச் சொல்லாமல்
அடுப்பை நூர்த்துவிட்டுப் போனான்.

மறுகா வாவி.
கல்லடிப் பழைய பாலத்தின் கீழே
விடிய ஐந்தரைக்கு
முழுக்கைச் சட்டை, கறுத்தக் காற்சட்டை,
இடுப்பில் கயிறு, கயிற்றில் ஒரு மஞ்சள் கான்.
நான் தாண்டால் அது மிதக்கும்,
ஆளைத் தேடச் சுகம்.
இங்கே மீன் பாடுமாமே என்று
வெளியூரார் கேட்பார்கள்.
தலையை உள்ளே விட்டவள் சொல்கிறேன்,
கேட்பது பாலத்தில் போகிற மோட்டார்சைக்கிள்தான்.

அக்காவின் லுமாலா, முன்னால் கூடை.
கூடையைக் கழற்றினால் வேகம் வருமாம்.
திரும்பி வரும்போது மீன் வாங்க வேண்டுமே.
காத்தான்குடிப் பேரீச்ச மரங்கள்,
ஆரையம்பதி, தாழங்குடா.
கிரான்குளத்தில் கிறுகினால் இருபது.
கச்சான் காற்று ஒரு தோளில் மட்டும்
கடன்காரன்போலச் சாய்ந்துகொண்டே வரும்.
தாழங்குடா வளைவில் ஒரு செம்மறை நாய்;
வேகப் பயிற்சி அதன் பொறுப்பு.

ஓட்டத்தைப் பற்றி
இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பாலத்தில் நின்று நேரம் பிடிப்பவள் ஜெஸீமா.
பதிவுத் தபால், என் வலப்பக்கம்,
இரண்டு வருடத்துக்கு முன்வரை.
இப்போது செவ்வாயும் வெள்ளியும்
ஆஸ்பத்திரியில்
நாலு மணித்தியாலம் இயந்திரத்தோடு.
"எனக்காகச் செய்யாதகா" என்றாள் முதல் நாளே.
"நீ தாண்டு போனா
இந்த மனிசிய எனக்குத் தெரியாதெண்டு சொல்லிருவன்."
சேரும் காசு புதுக்கட்டில் இரண்டுக்கு.
இரண்டிலும் அவள் படுக்கப்போவதில்லை,
தன் ஜன்னலோரத்தை விடமாட்டாளாம்.

நேற்று மூன்றையும் ஒன்றாய்ப் பழகும் நாள்.
ஜெஸீமா இறங்கிக் கரைக்கே வந்திருந்தாள்.
நான் ஏறும்போது
வாவியில் பாதி என் வயிற்றில்,
உப்பும் சேறும் சாதாளையும்.
போத்தலை நீட்டினாள். ஒரு லீற்றர்.
அவளுக்கு நாளைக்கு அரை லீற்றர்,
கறிக் குழம்பு, தேத்தண்ணி,
குளிசை விழுங்கும் ஒள்ளுப்பம்
எல்லாம் சேர்த்து.
சில நாள் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் வைத்து
அது கரையும் மட்டும் பேசமாட்டாள்.

மற்றப் பக்கம் கிறுகி நின்று குடித்தேன்.
"என்னகா, இஞ்சால பாத்துக் குடி.
நான் கண்ணால குடிக்கிறன்."

குடித்தேன்.
என் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்திருந்தாள்,
பதிவுக் கடிதத்தில் விலாசம் சரியா என்று
முன்பு பார்க்கும் அதே பார்வை.
மிச்சத்தை வாங்கினாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு
தன் கால்களில் ஊற்றினாள்,
மெதுவாக, முழுவதையும்.
வீங்கிய பாதத்தில் வழிந்து
மணலுக்குள் அது போகும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

மறுகா போனைப் பார்த்தாள்.
"இதுக்கும் நேரம் ஓடுதுகா.
சைக்கிள எடு."