பத்து நிமிடம்

காம்வாலாச் சந்தைக்கு, கப்வேயின் கடைக்கு,
துணிப்பையில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைச்
சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.
வாய்ச்சொல்லை நம்பி வாங்கும் சாமான் இல்லை இது.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில்
அறுநூற்றைம்பது.
அறுநூற்றைம்பது என்ன, என்றேன்.
வி.ஏ., என்றான்.
வாட்டில் சொல்.
அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.
முந்நூற்றறுபது, என்றான்,
வயதைக் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்ட
சிறுவனின் குரலில்.

போன செவ்வாய், பிற்பகல் மூன்று நாற்பது.
சிலேஷேயின் ஆய்வேடு, பக்கம் தொண்ணூற்றாறு.
கரிபா நீர்த்தேக்கம்
எந்த மாதம் எத்தனை மீட்டர் இறங்கியது என்ற அட்டவணை.
அவள் எண் சொல்லச் சொல்ல
நான் தட்டிக்கொண்டிருந்தேன்.
திரை செத்தது.
லுசாகாவில் ஏன் கரண்ட் இல்லை என்று சொல்லும் பக்கம்
கரண்ட் இல்லாமல் போயிற்று.
அவள் அழுதிருக்கலாம்.
சிரித்துவிட்டாள்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.
இரவு பதினொன்றுக்கு வந்த மின்சாரத்தில்
விடியும்வரை திரும்பத் தட்டினேன்.
பக்கத்துக்கு இரண்டு குவாச்சா,
அன்றைக்கு வாங்கவில்லை.

பழைய ரசீதின் முதுகில் கணக்கு:
கணினி நூற்றெண்பது,
திரை முப்பது,
மோடம் பன்னிரண்டு,
லேசர் பிரிண்டர்...
அதை இதில் சொருகிவிடாதே முதிந்தா, என்றான் கப்வே,
சூடேறும் கணத்தில் ஆயிரம் கேட்கும்,
யானைப் பசிக்குச் சோளப்பொரி.

எனக்குச் சோறு போடுவதே அந்தப் பிரிண்டர்தான்.
கைவிட வேண்டியதும் அதையேதான்.
யோசித்தால் சரி.
அச்சு நாளைக்கும் அடிக்கலாம்.

மேல்தட்டில் ஒன்று இருந்தது,
நாலு மணி நேரம் தாங்குமாம்.
ஆறு மாத வாடகை விலை.
அண்ணாந்து பார்த்ததற்குக் காசு கேட்கவில்லை.
கீழ்த்தட்டில் ஒன்று, பாதி விலை.
தூக்கினேன். பேட்டரி இருக்கும் கனம் இல்லை.
வைத்துவிட்டேன். கப்வே இருமினான்.

பல்பைச் சொருகினோம்.
சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.
ஒரு இமைப்பு, அவ்வளவுதான்,
பிறகு எரிந்தது.
அவன் இரண்டு வாடிக்கையாளரை முடித்தான்,
நான் வறுத்த நிலக்கடலை ஒரு பொட்டலம் முடித்தேன்.
இருபத்தாறாம் நிமிடம், பட்டென்று இருட்டு.
என் சுமைக்கு அதில் பத்து நிமிடம் தேறும்.
வேலை செய்ய அது போதாது.
சேமிக்கவும், மூடவும், அணைக்கவும்
போதும்.

வீடு வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.
ஒருத்திக்குக் கைப்பேசி, ஒருவருக்கு வானொலி,
எதிர்க்கடைக்காரிக்கு, கூசாமல், கெட்டில்.
பக்கத்துத் தகரக்கொட்டகை நாவிதர் லிகாண்டோ
மிகப் பணிவாகக் கேட்டார்,
அவருக்கும் இல்லை என்றேன்.

வெள்ளி மாலை.
பெட்டி பீப் என்றது. மின்விசிறி தயங்கி நின்றது.
சிலேஷே என் தோளைப் பிடித்தாள்.
திரை வெளிச்சமாகவே இருந்தது.
சேமித்தேன். பென்டிரைவிலும் ஒரு பிரதி.
கணினியைப் படுக்கவைத்தேன்.
மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

வாசலில் லிகாண்டோ.
பின்னால் கழுத்தில் துணி கட்டிய ஒருவர்.
வலப்பக்கம் மொட்டை, இடப்பக்கம் காடு,
அரைக்கிணறு தாண்டியவரின் முழி.
நாளைக் காலை அவருக்குக் கல்யாணமாம்,
மாட்டேரோ தேவாலயத்தில்.

கத்தரி மெஷின் எத்தனை வாட்?
பத்து, என்றார் லிகாண்டோ.
தரையில், பெட்டியருகே, மாப்பிள்ளை குந்தினார்.
மீதி எவ்வளவு என்று எனக்கும் தெரியாது,
புதுப் பேட்டரி, முதல் வாரம்.

மெஷின் ரீங்கரிக்கும் முன்
அவரும் ஒரு கணக்குப் போட்டிருந்தார்:
முன்பக்கம் முதலில், அண்ணா.
பின்னந்தலையைத்
தொப்பி பார்த்துக்கொள்ளும்.