பதினொரு மெகாபைட்

தூன் என்று எழுதினால்
தூண் என்று வாசிப்பார்கள் என் ஆட்கள்.
ஆரே நதிக்கரையில் ஒரு சுவிஸ் ஊர்.
ரயிலடியில் இருந்து ஏழு நிமிடம்,
நில அளவை அலுவலகம், இரண்டாம் மாடி, காலை எட்டு மணி.

"கோப்பு நகர மாட்டேன் என்கிறது"
முதலாளி ஏஷ்லிமான்.
எத்தனை நாளாக?
"பனி விட்டதில் இருந்து."

சின்னக் கோப்பில்லை.
ட்ரோன் ஒன்று சரிவு முழுக்கப் பறந்து
கல் கல்லாய்ப் படம் பிடித்து வரும்
நாற்பது கிகாபைட் மலை.
அதைத் தினமும் பத்து மணிக்கு
ஜன்னலோர மேசையில் இருந்து சர்வருக்கு ஏற்றுபவர்
திருமதி ராம்ஸையர்
(பெயரைக் கேட்டு ஐயர் வீட்டுப் பெண் என்று நினைக்க வேண்டாம்,
எம்மென்தால்காரி).

முன்பு ஆறு நிமிடம், இப்போது ஒரு மணி நேரம் என்று
முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
சர்வர் கிழடாகிவிட்டது என்றார்.
வைரஸ் தடுப்பான் என்றார்.
புது விண்டோஸ் என்றார்.
வைத்தியரிடம் வருகிறவர்
நோயின் பெயரையும் கையோடு கொண்டு வருவது வழக்கம்தான்.
தலையாட்டினேன்.

பிங் அடித்தேன்.
கூப்பிட முன்னமே ஓடி வந்தது பதில்.
பக்கத்து மேசையில் இருந்து அதே மலையை அனுப்பினேன்:
நொடிக்கு நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.
சர்வர் நிரபராதி.
ஜன்னலோரத்தில் இருந்து அனுப்பினேன்:
பதினொன்று.
பதினொன்று.
ஒரு தரமும் பன்னிரண்டைத் தாண்டாத பதினொன்று.

ஏறி இறங்கினால் அது காய்ச்சல்.
இப்படி ஒரே எண்ணில் நின்றால்
எங்கோ இரண்டு முனைகள் கூடிப் பேசி
இவ்வளவு போதும் என்று முடிவெடுத்திருக்கின்றன.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, சோடி சோடியாய் முறுக்கி:
தோடம்பழ நிறம், பச்சை, நீலம், மண்ணிறம்.
முதலும் இரண்டாவதும் இருந்தால் நூறு ஓடும்.
ஆயிரம் ஓட நாலு சோடியும் வேண்டும்.
ஒன்று அறுந்தால் கேபிள் சாகாது,
குறைத்துக்கொண்டு வாழும்.
விளக்கும் எரியும்.

சோதிப்பான் சொன்னது: ஏழும் எட்டும் இல்லை.
மண்ணிறம்.

முழங்காலில் ஊர்ந்து கேபிளைத் தடவிக்கொண்டு போனேன்.
சுவரோரம் இரும்பு அலமாரி.
அதன் ஒரு கால், கேபிளின் கழுத்தில்.
காலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி
தரையில் தூசி படியாத ஒரு சதுரம்.
காகித வரைபடங்கள் நிரம்பிய அலமாரி.
தானாக நடக்காது.

நிமிர்ந்தேன்.
திருமதி ராம்ஸையர் என்னைப் பார்க்கவில்லை.
நாற்காலி முதுகில் மழையங்கி.
சப்பாத்து விளிம்பில் காய்ந்த ஆற்று மணல்.
ஜன்னலுக்குக் கீழே நதி,
நதியோரம் ஒரு வாங்கு.

புதுக் கேபிள், மூன்று மீட்டர், சாம்பல் நிறம்.
மலை புறப்பட்டது.
பழக்கத்தில் மழையங்கிக்குக் கை நீட்டியவர்
திரையைப் பார்த்தார்,
ஆறு நிமிடம் என்றிருந்தது,
கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன காரணம்?" என்றார் முதலாளி.
கேபிள்.
"கேபிளுக்கு என்ன?"
வயது போய்விட்டது என்றேன்.
வாங்கி இரண்டு வருடம்கூட இல்லை.

படியிறங்கும்போது பின்னால் வந்தார்.
"அந்தப் பழையது குப்பைக்கா?"
ஓம்.
"தாருங்கள், நான் போட்டுவிடுகிறேன்."
சுருட்டிக் கொடுத்தேன்.
அந்த வீட்டில் குப்பைத்தொட்டி கீழே, நிலவறையில்.
அவர் மேலே போனார்.

என் ரயில் பத்து இருபத்திரண்டுக்கு.
மழை விட்டிருந்தது.
வாங்கைக் கைக்குட்டையால் துடைத்து இருந்துகொண்டு
பில்லில் ஒரு மணி நேரம் என்று எழுதினேன்.
வேலை உண்மையில் நாற்பது நிமிடம்.
மிச்சம் இருபதுக்குத்
தண்ணீரைப் பார்த்தேன்.
பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை.

கோயில் மணி பத்து அடித்தது.
இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது,
மேசைக்குக் கீழே குனிந்தது,
கொஞ்ச நேரம் காணவில்லை.

எழும்பி
வாங்கில் இடம் விட்டுவிட்டு
ரயிலடிப் பக்கம் நடந்தேன்.