முந்நூறு எழுத்துக்குள்

கோடைப் பயிற்சிக்கான விண்ணப்பம்.
பெயர் கா. முத்தழகி.
மூன்றாமாண்டு வேதியியல்.
ஊர் புதுவயல்.
இதுவரை சரி.

அடுத்த பெட்டியில்தான் சிக்கல்:
'உங்கள் கல்வி இலக்கு, கலை ஆர்வம்,
கல்லூரிச் செயல்பாடுகள்.
முந்நூறு எழுத்துக்குள்.'

புள்ளியையும் எழுத்தாக எண்ணுகிறது இந்தக் கணினி.
'கொ' என்று அடித்தால் இரண்டு போய்விடுகிறது.
'இரும்பு' ஏழு.
'துரு' சிக்கனம், நாலே நாலு.
துருவிலிருந்து தொடங்கினேன்.

அப்பா வேலை பார்க்கும் அரிசி ஆலையில்
நெல் அவிக்கும் தொட்டி
வருஷத்துக்கு ஒரு முறை அடியில் ஓட்டையாகும்.
வெல்டர் வந்து ஒட்டுப் போடுவார்.
மறுவருஷம் அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை.
எந்தத் தண்ணீர், எத்தனை சூடு, எத்தனை நாள்
என்று யாரும் குறித்து வைக்கவில்லை.
நான் குறித்தேன்
ஒன்பதாம் வகுப்பு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில்.
அரிமானம் என்று அதற்கொரு பெயர் உண்டு,
அதற்கென்றே ஆய்வகம் உண்டு,
அதன் சுவரை உரசிக்கொண்டுதான்
தினமும் எங்கள் பஸ் காரைக்குடிக்குள் போகிறது
என்பதெல்லாம் கல்லூரிக்கு வந்த பிறகு தெரிந்தது.
ஜன்னல் சீட் கிடைத்தால் மரங்கள் தெரியும்.
கட்டடம் தெரியாது.

இருநூற்று எண்பது ஆகிவிட்டது. அழித்தேன்.

கலை ஆர்வம்:
அப்பாவின் கிழிந்த வேட்டி, வினிகர்,
வாஷர், ஆணி, அறுந்த சைக்கிள் செயின்.
பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய சாவிகள்.
எந்த வீட்டுச் சாவி தெரியுமா என்று
கடைக்காரர் கதை சொல்ல வந்தார்.
எனக்கு அதன் பற்கள் போதும்.
ஈரத் துணியில் பரப்பி, பாலிதீனில் சுருட்டி,
கொல்லையில் மூன்று நாள்.
நான்காம் நாள் பிரித்தால்
ஆரஞ்சும் பழுப்புமாக
ஒரு செயின் வேட்டியின் குறுக்கே ஊர்ந்து போயிருக்கும்.
அம்மா அதைத் துவைத்துப் பார்த்தாள் ஒருதரம்.
போகவில்லை. அவளுக்குக் கோபம், எனக்குப் பெருமை.

பகலில் துருவை நிறுத்தப் படிக்கிறேன்.
ராத்திரி அதற்குத் தீனி போடுகிறேன்.
எந்த முகத்தோடு இதை ஒரே பெட்டிக்குள் எழுதுவது?

கல்லூரிச் செயல்பாடுகள்:
வகுப்புப் பிரதிநிதித் தேர்தலில் நின்றேன்.
பதினோரு ஓட்டில் சேதுபாலன் ஜெயித்தான்.
நல்லவன்தான். கூட்டங்களுக்குப் போவான், டீ குடிப்பான்.

பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு,
தாழ்ப்பாள் இற்று விழுந்து ஒன்றரை வருஷம்.
ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே காவல்.
அதில் நட்பு வளர்ந்தது உண்மை.
ஆனாலும்.
இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம்.
நிதி வந்ததும் என்றார்கள்.
ரஹ்மத் நிஷா ஆளுக்கு இரண்டு ரூபாய் பிரித்தாள்.
எஃகு ரகத்தை நான் தேர்ந்தெடுத்தேன், முந்நூற்று நான்கு.
அவள் அண்ணனின் டிரில்லிங் மெஷின்.
ஒரு சனிக்கிழமை, பத்து நிமிஷம்.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது:
'கல்லூரிச் சொத்தில் அனுமதியின்றித் துளையிட்டது குறித்து.'
மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
அதற்கு எழுத்துக் கணக்கு இல்லை.

பிரௌசிங் சென்டரில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள்.
புதுவயலுக்குக் கடைசி பஸ் ஹாரன் அடிக்கிறது.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடித்தேன்:

துரு எனக்குப் பிடிக்கும்.
ஏன் வருகிறது என்று தெரிய வேண்டும்.
ஒரு தாழ்ப்பாள் மாட்டியிருக்கிறேன்.
அது இன்னும் துருப்பிடிக்கவில்லை.

நூற்று எழுபத்து மூன்று மீதம் என்றது திரை.
இருக்கட்டும்.

இருபது ரூபாய் என்றார் கடைக்காரர்.
பதினெட்டு இருந்தது.
மீதியை நாளைக்குத் தருகிறேன் என்று ஓடினேன்.
நாளைக்கு நான்காம் நாள்,
கொல்லையில் வேறு ஒன்றைப் பிரிக்க வேண்டும்.