தொழில் என்ற கட்டம்

கச்சேரி வாசலில் என் டைப்ரைட்டர்.
கச்சேரி என்ற சொல்லை நம்பி
ஆர்மோனியத்தோடு வந்து நின்றவர் வறீது.
"இங்க பாட்டில்லை, காணிப் பெர்மிட்தான்" என்றேன்.
அவருக்கு வேண்டியதும் பெர்மிட்தான்.

கொல்லத்து நாடகக் கம்பனி
அறுபத்தொன்றில் ஆரையம்பதியில் உடைந்தது.
ராஜபார்ட் வசூலோடு மறைந்தான்,
மற்றவர்கள் ரயிலேறினார்கள்.
இவருக்கு மிஞ்சியது பெட்டி,
பெட்டிக்குள் செத்துப்போன ஒரு மத்திமம்.

வருஷத்துக்கொரு தரம் விசா நீட்டிக்கும் படிவம்.
தொழில்?
வாத்தியக்காரன் என்றார், அடித்தேன்.
அடுத்த வருஷம், வாத்தியம் திருத்துகிறவன்.
கொழும்பிலிருந்து கடிதம் வந்தது:
இரண்டும் ஒரே ஆளா?

கூலிக்குப் பதிலாக என் மெஷினைக் கழற்றினார்.
காதைச் சாய்த்து, ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டி,
"உங்கட னகரம் அரைச்சுருதி தாழ்ந்து கிடக்கு கா."
அந்தக் 'கா'வை எப்போது பிடித்தாரோ.
ஸ்பிரிங்கை முறுக்கினார், னகரம் நிமிர்ந்தது.
அதன்பின் என் மனுக்கள் கூடுதலாய் ஒன்றும் வெல்லவில்லை.

பட்டறை, மீராலெவ்வையின் சைக்கிள் கடைக்குப் பின்னால்.
பல்தசாரின் வயலின் வில்லுக்குக் குதிரைமயிர் வேண்டும்.
மட்டக்களப்பில் எங்கே குதிரை?
தங்கூசி கட்டிக் கொடுத்தார்.
கலியாண வீட்டில் பூனை கத்தியது.
பல்தசார் மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை,
பிறகு வந்து, தங்கூசியைக் கழற்றாதே,
பெண்டுகள் அதற்குத்தான் ஆடுகிறார்கள் என்றார்.

எழுபத்தெட்டில் புயல்.
கோயில் பெட்டி, மாதா கோயில் பெட்டி, பள்ளிக்கூடத்துப் பெட்டி,
வயிறு வீங்கி வாசலில் கிடந்தன.
ரீட்டுக்குப் பித்தளை
கூரை பறந்த வீடுகளின் அடுப்புகளிலிருந்து.
துருத்திக்கு லெவ்வையின் டியூப், கடனாக.
அந்த நத்தாருக்கு மாதா கோயில் முழுக்க
மண்ணெண்ணெய் மணத்தது.
தொழில்: துரு எடுக்கிறவன்.
அப்படியே அடி என்றார். அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிறுக்கு.
மூன்று பறுவம் வள்ளத்தில் போய்
துடுப்பில் காதை வைத்து மீனைக் கேட்டார்.
"பாட்டில்லை கா.
ஆரோ சுருதி சேர்க்கிறாங்கள். இன்னும் முடியேல்ல."
அவர்களுக்குத் துணைக்கென்று ஒன்று செய்தார்.
அலுமினியக் குழாய், மண்சட்டி, ஒன்பது ரீட்டு.
சட்டியில் தண்ணீர் ஏற ஏற
குரல் வழுக்கிக்கொண்டு போகும்,
எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியாது.
அண்ணாவியார் ஒருதரம் கேட்டார்:
"எங்கட கூத்துக்கு மத்தளமும் சல்லாரியும் போதும் மனே.
இது கொக்குக்கு வயித்துவலி."
படிவத்துக்காகப் பெயர் கேட்டேன்.
"ஒலிக்கட்டும், பிறகு வைப்பம்."
பதினொரு வருஷம் ஒலிக்கவில்லை என்றே சொன்னார்.

தொண்ணூற்றொன்று. கல்லடிப் பாலத்தில் சோதனை.
குழாய், சட்டி, சுற்றிக் கம்பி.
துவக்கு நீண்டது, எல்லோரும் இறங்கினோம்.
என்ன இது? வாத்தியம்.
அப்படியென்றால் வாசி.
தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார்.
பையன் ஒருவன் தன் போத்தலைச் சட்டியில் கவிழ்த்தான்.
வறீது ஊதினார்.
பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை அழுதது,
அதற்குமேல் நான் அதை விவரிக்கமாட்டேன்.
சாமானை வைத்துக்கொண்டார்கள்.
துண்டு ஒன்று எழுதித் தந்தார்கள்.

துண்டு சிங்களத்தில்.
கச்சேரிச் சிறாப்பர் கண்ணாடியைத் துடைத்து வாசித்தார்:
வாத்தியம். ஒன்று. ஒலிக்கிறது.

முப்பது வருஷத்தில் அரசாங்கம்
அவரைப் பற்றி எழுதிய ஒரே நல்ல வரி.
பிரதி எடுத்துப் படிவத்தோடு குத்தினேன்.
தொழில்: வாத்தியம் செய்பவன்.
ஒரே ஒரு னகரம். நேராக விழுந்தது.
மற்றக் கட்டங்களை நிரப்ப ஆளில்லை,
சட்டியைத் திருப்பிக் கேட்கவென்று
விடியவே பாலத்துக்குப் போயிருந்தார்.