ஒன்பது நூல்

மருந்துக்கடையில் பொடி நிறுக்கும் தராசைத்தான்
சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
முதலாளிக்குத் தெரியாது.
திங்கள் காலை துடைத்து வைத்துவிடுகிறேன்.

பந்தயக்காரர்களுக்கென்று விற்கிற பசைப் பொட்டலம்
என் வயிற்றுக்கு ஆகவில்லை.
போன வருஷம் பதினேழாவது கிலோமீட்டரில்
ஒன்றைப் பிதுக்கி விழுங்கிவிட்டுப்
புதருக்குள் ஓடினேன்.
அன்றைக்கு நான் ஓடியதிலேயே
அதுதான் வேகமான ஓட்டம்.

ஆகவே சுர்ச்கேலா.
குத்தாய்சிச் சந்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும்
முகத்தில் இடிக்கிற அதே பண்டம்.
அக்ரூட் பருப்பை நூலில் கோத்து,
திராட்சைச் சாற்றில் மாவு கரைத்துக் காய்ச்சிய கூழில்
முக்கி முக்கித் தொங்கவிடுவது.
சந்தைக்காரர்கள் செய்வது முழ நீளம்.
அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினால்
படையெடுப்பு மாதிரி இருக்கும்.
எனக்கு வேண்டியது சுண்டுவிரல்.
நூலுக்கு மூன்று பருப்பு, இரண்டே கடி.

சொல்ல எளிது.

முதல் தடவை கூழ் நீர்த்துப்போயிற்று;
பருப்பு அம்மணமாக நின்றது.
அடுத்த தடவை மாவு கூடி
கடைவாய்ப் பல்லில் ஒரு மூலை போயிற்று.
பல்வைத்தியருக்கு அழுத காசில்
நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கியிருக்கலாம்.
மூன்றாவது, பார்க்கவே அழகாக வந்தது.
பால்கனியில் காயப்போட்டிருந்தேன்.
ரியோனி ஆற்றுக் காக்கைகள்
நூலை மட்டும் எனக்கு விட்டுவைத்தன.

பிறகுதான் உப்பு.
அடுத்த வீட்டு எலிசோ எட்டிப் பார்த்து
"திராட்சைக் கூழில் உப்பா!" என்று
சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.
எவ்வளவு என்பது
எனக்கும் தராசுக்கும் தெரியும்.

ஓடும்போது தொல்லை உப்பில் இல்லை, நூலில்.
பல்லால் பருப்பை உருவ வேண்டும்.
மலையில் குப்பை போட்டால் பந்தயத்திலிருந்து நீக்கம்.
எச்சில் நூல் ஒவ்வொன்றையும்
இடது பைக்குள் திணித்துக்கொண்டு
நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஸ்வானெத்தி மலையில்.
வலது பையில் ஒன்பது.

முப்பத்தோராவது கிலோமீட்டர்.
கணவாய் மேல் மூடுபனி.
பாறை மேல் ரேவாஸ் உட்கார்ந்திருந்தார்.
தபால் வண்டி ஓட்டுகிறவர்,
மூன்று வருஷமாக எனக்கு முன்னால் போகிற முதுகு.
முகம் பாலாடை நிறத்தில் இருந்தது.
ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்,
எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

என்னிடம் இரண்டு மிச்சம்.
யோசித்தேன்.
உடனே கொடுத்தேன் என்று எழுத
எனக்கும் ஆசைதான்.

"நூலை விழுங்கிவிடாதீர்கள்"
என்பது மட்டும்தான் பேசினேன்.
குழந்தை போல மென்றார்.
கயிற்றை நானே கட்டிவிட்டேன், இரட்டை முடிச்சு.
பிறகு இறங்கத் தொடங்கினேன்.
முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

ஆறு கிலோமீட்டர் கழித்து
பின்னால் சரளைக்கல் உருளும் சத்தம்.
தைல வாசனை முதலில் வந்தது, ஆள் பிறகு.
தாண்டிப் போகையில் கையை உயர்த்தினார்.
நன்றியா, டாட்டாவா, தெரியவில்லை.
என் மூன்று பருப்பு
என்னை முந்திக்கொண்டு போயிற்று.
இப்படி வேலை செய்கிறதே என்று பெருமை.
ஒரு கூழாங்கல்லை உதைத்தேன்,
நகம் பெயர்ந்தது.

உஷ்குலியில் கோபுரங்களுக்குக் கீழே
புல்லில் விழுந்து பையைக் கவிழ்த்தேன்.
எண்ணினேன். எட்டு.
மறுபடி எண்ணினேன். எட்டு.
எங்கே விழுந்தது, யார் பார்த்தார்கள்,
பெயரை அடித்துவிடுவார்களோ என்று
எழுந்து நிற்கப் பார்க்கும்போது
ஒரு நிழல் வந்து குனிந்தது.

உள்ளங்கையைத் திறந்தார் ரேவாஸ்.
ஈரமாய், ஊதாக் கறையோடு
ஒரு சாண்கூட இல்லாத நூல்.
எனக்கு நான்கு நிமிஷம் முன்னால் வந்த நூல்.

"உங்களுடையது" என்றார்.
போகவில்லை. தலையைச் சொறிந்தார்.
"அதில் உப்பு போட்டிருந்தீர்களோ?"

"போட்டிருந்தேன்."

"எவ்வளவு?"

தராசைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.