விஞ்ச் ஓட்டுபவனின் மகள்

வால்பராய்சோவில் சமதரை
துறைமுகத்தோடு தீர்ந்துவிடுகிறது.
அதற்கப்புறம் எல்லாமே ஏற்றம்.
பதினான்கு வருடமாக
மேல் நிலையத்தில் உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளி
இந்த ஊரை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறேன்:
காய்கறிப் பைகளை, மெத்தை சுமந்த புதுமணத் தம்பதியை,
ஒருமுறை ஒரு பியானோவை.

தண்டவாளத்தை ஒட்டியே படிக்கட்டு.
நூற்று அறுபத்தொன்று என்பார்கள்.
எனக்கென்ன தெரியும்,
ஏறுகிறவனல்லவா எண்ண வேண்டும்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஓர்மேன்யோ
என் மகள் ராயேனை எடைமேடையில் நிறுத்தினாள்.
ஒன்பது வயது.
முள்ளைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு என் தொப்பையைக் கொஞ்சம் நேரம் பார்த்தாள்.
“வீட்டில் யார் சமையல்?”
நான்தான். யாஸ்னாவுக்கு மீன் கிடங்கில் இரவு வேலை.
நான் செய்வதைச் சமையல் என்று சொல்லலாமென்றால்.

அன்று மாலையே சட்டம் போட்டேன்.
பிஸ்கட் கிடையாது. சோடா கிடையாது.
தட்டு காலியாகாமல் எழக் கூடாது.
கடற்பாசியும் உருளைக்கிழங்கும் வேகவைத்தேன்.
பாசியை அவள் ஒரு மணி நேரம் முறைத்தாள்,
பாசியும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தலையணை உறைக்குள்
கிரீம் பிஸ்கட்டின் வெற்றுத்தாள், நாலாக மடித்து.
கத்தினேன்.
அவள் அழவில்லை.
அழுதிருந்தால் தேவலை.

எங்கள் நாட்டுப் பாக்கெட்டுகளில்
கறுப்பு எண்கோணம் இருக்கும்:
சர்க்கரை அதிகம். உப்பு அதிகம்.
பிள்ளைகள் அதில்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள்.
ஞாயிறு மதியம்
பொரித்த பூசணி ரொட்டி ஆறு தின்றுவிட்டு
நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.
விழித்தபோது சட்டைப் பொத்தான்களின் மேல்
கறுப்பு அட்டையில் வெட்டிய எண்கோணம்,
பசை இன்னும் ஈரமாக.
சுண்ணக்கட்டியில், அவள் கையெழுத்தில்:
உட்கார்ந்திருத்தல் அதிகம்.

சிரித்தேன்.
சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும்
சாவியை பவுஸ்தினோவிடம் கொடுத்துவிட்டுக்
கீழே போனேன், பள்ளி வாசலுக்கு.
இருவரும் ஏறினோம்.
முப்பதில் பேச்சை நிறுத்தினேன்.
ஐம்பத்தாறில் ஒரு செம்பட்டை நாய்
எழுந்து எனக்கு வழிவிட்டு, யோசித்து, கூடவே வந்தது.
பக்கத்தில் பெட்டி வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று,
பவுஸ்தினோ மணியடித்தான்,
துக்க மணிபோல, வேண்டுமென்றே.
தொண்ணூறில் ராயேன் உட்கார்ந்து காத்திருந்தாள்.
கையில் பிளம். ஒரு கடி கடித்திருந்தாள்.
மீதியை நீட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது புதன் சந்தையில் அவள்தான் முதலாளி.
வாரம் ஒன்று, பெயர் தெரியாததாக இருந்தாலும் சரி,
அவள் காட்டுவதை வாங்க வேண்டும்.
பச்சைச் சீமை மாதுளை வாங்கினோம்,
உப்புத் தொட்டுக் கடித்தோம்,
வாய் கோணிப்போய்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.
பூசணியைக் கரண்டியால் மசிக்கிறாள்,
சுவரும் கொஞ்சம் சாப்பிடுகிறது.
அவித்த பயறு பிடிக்கும். கடற்பாசி
இன்றுவரை பிடிக்காது. எனக்குமே.
தட்டில் மிச்சம் வைத்தால் மூடிவைக்கிறேன்.
சனிக்கிழமை பிஸ்கட் உண்டு, மேஜைமேல்,
ஒளிக்காமல்.

அடுத்த முறை முள் பெரிதாக நகரவில்லை.
நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டு வேறெதோ கேட்டாள்:
“எத்தனை படி?”
“நூற்று அறுபத்து மூணு” என்றாள் ராயேன்.
“ஒண்ணு” என்றேன்.
வாசல்வரை சண்டை.

மூன்றரை மணிக்கு என் ஜன்னலிலிருந்து
கீழே பள்ளிப்பைகள் சிதறுவது தெரியும்.
ஆரஞ்சுப் பை மட்டும் விஞ்ச் வரிசையில் நிற்காது.
பெட்டிக் கதவு சாத்தும் சத்தத்துக்காகக்
முதல் படியில் ஒரு கால் வைத்துக் காத்திருக்கும்.

நெம்புகோலைத் தள்ளுகிறேன்.
பாதிவரை சமம்.
அதற்குமேல் பெட்டி கொஞ்சம் தயங்குகிறது,
உள்ளே யாரோ கடிகாரம் பார்க்கிறார்கள்,
யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.
மேலதிகாரி கேட்டால்
கயிறு பழசு என்பேன்.